எஃப் கார்டு பிடித்த நாச்சிமுத்து

உடுமலைப்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருந்த நாச்சிமுத்துவுக்குக் கிட்டாரைப் பற்றித் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதை வாசிப்பது எப்படி என்பது. மற்றதெல்லாம் அத்துபடி. இந்தக் கிட்டாரின் கழுத்து எந்தக் காட்டு மரம், அந்தக் கிட்டாருக்கு வார்னிஷ் எத்தனை பூச்சு, எந்தக் கம்பி துருப்பிடிக்கும், எது பிடிக்காது என்று, கடைக்குச் சுண்ணாம்பு வாங்க வந்தவரையும் நிற்க வைத்துச் சொல்வார். வந்தவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். ரசனை இல்லாத ஊர் என்று நாச்சிமுத்து பெருமூச்சு விடுவார்.

ரசனை உள்ளவர்கள் ஊரில் மொத்தம் நாலு பேர். நாச்சிமுத்து தலைவர். தெய்வசிகாமணி துணைத் தலைவர். அவர் தேங்காய் நார் மில் நடத்தினார். கிட்டாரைப் பற்றிக் கம்ப்யூட்டரில் வரும் விமர்சனங்களை ஒன்று விடாமல் படித்துவிடுவதால் குழுவுக்கு மூளையும் அவரே. பேக்கரி வைத்திருந்த குப்புராஜும், தென்னந்தோப்பு வைத்திருந்த சென்னியப்பனும் உறுப்பினர்கள். மற்ற இருவரும் சொல்வதை ஒத்துக்கொள்வது உறுப்பினர்களின் வேலை. அதை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நாச்சிமுத்து வீட்டு மாடி அறையில் கூட்டம். சுவர் நெடுகக் கிட்டார்கள் தொங்கும். எல்லாமே கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு தொங்கும். உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று தெய்வசிகாமணி எங்கேயோ படித்திருந்தார். ஆகவே மஞ்சள் துணியால் உறை மேல் தூசி தட்டுவார்கள். ரோஸ்வுட் ஒசத்தியா மஹாகனி ஒசத்தியா என்று குரல் கம்மும் வரை வாதாடுவார்கள். பக்கோடா தின்று கலைவார்கள். இத்தனை வருசத்தில் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் ஒருவர்கூடப் புகார் சொன்னதில்லை. எந்த இசைக் குழுவுக்கும் கிடைக்காத நற்பெயர் அது.

உறை இல்லாத கிட்டார் ஒன்றே ஒன்று இருந்தது. அதன் உறையை எலி கடித்துவிட்டது. மதிப்புப் போன கிட்டார்தானே என்று அதை மட்டும் கையில் எடுப்பார்கள்.

ஒரு ஞாயிறு பார்சலில் டிலே பெடல் வந்தது. காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி.

"இது எதுக்குங்க தலைவரே?" என்றார் குப்புராஜ்.

"இதை நடுவுல மாட்டினா, தட்டின சத்தம் தாமதமா வரும்."

"எத்தனை தாமதமுங்க?"

"அது பெட்டியோட தரத்தைப் பொறுத்தது. இது ஒசந்த ரகம்."

எலி கடித்த கிட்டாரைப் பெட்டியில் மாட்டி, பெட்டியை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, நாச்சிமுத்து ஒரு கம்பியைத் தட்டினார். சத்தம் வரவில்லை. ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். நாலு முகத்திலும் பரவசம்.

"பாத்தீங்களா?" என்றார் நாச்சிமுத்து. "கெளம்பிருச்சு. வந்துட்டு இருக்குது."

காத்திருந்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள். பக்கோடா தீர்ந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நேரமும் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"நான் வேணா இங்கியே இருக்கட்டுங்களா?" என்று சென்னியப்பன் கவலையோடு கேட்டார். "பாவம், அது வந்து பாத்துட்டு யாருமில்லீன்னு திரும்பிப் போயிருச்சுன்னா?"

கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குழுவுக்குச் சோதனை ஒரு கல்யாணப் பத்திரிகை வடிவத்தில் வந்தது.

நாச்சிமுத்துவின் மனைவி பூங்கோதை. அவளுடைய அண்ணன் மகள் நிரஞ்சனாவுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்த பெண், மாடிக்கு ஏறிப் போய்ச் சுவரையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"மாமா, ரிசப்ஷன்ல நீங்க ஒரு பாட்டு வாசிக்கோணும். சின்னப் புள்ளையில இருந்து இந்தக் கிட்டாரையெல்லாம் பாத்துட்டே இருக்கறேன். ஒருக்காக் கூட கேட்டதில்லீங்க மாமா."

அந்தப் பெண் நாச்சிமுத்துவின் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள். அவள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதில்லை. "ஒரு பாட்டு என்ன அம்மிணி, உனக்கில்லாத பாட்டா!" என்று வாய் சொல்லிவிட்டது. மனசு அதைப் பின்னால்தான் கேட்டது.

பெண் போனதும் பூங்கோதை இடுப்பில் கை வைத்தாள். அவள் அடுக்களை மூலையில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். அந்த மாடி அறை மேல் அவளுக்கு ரொம்ப நாளாகக் கண்.

"ஏனுங்க, என்ற அண்ணன் வீட்டுச் சனம் பூராவும் வரும். வாசிச்சீங்கன்னா சரி. இல்லீன்னு வெய்யுங்க, மறுநாளே என்ற தையல் மிஷின் மாடிக்குப் போயிரும். உங்க சாமானெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குத்தான்."

நாச்சிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார்.

"வாசிக்கோணும்னா அதைக் கத்துக்கோணுமேங்க," என்றார் குப்புராஜ்.

"கத்துக்கறதுக்கு இப்ப ஏது நேரம்?" என்றார் தெய்வசிகாமணி. "கத்துக்கறதைப் பொறவு பாத்துக்கலாம். வாசிக்கறதை மட்டும் யாருகிட்டயாவது கேட்டுக்குவோம்."

நல்ல யோசனை என்று ஒருமனதாக முடிவாயிற்று. கோயம்புத்தூரில் எட்வின் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவர். தன் வீட்டுக்கு நாச்சிமுத்து கடையில்தான் பெயிண்ட் வாங்கியிருந்தார், அந்தப் பழக்கம். நல்ல மனிதர், ஆனால் எந்நேரமும் ஒரு கச்சேரிக்கும் இன்னொரு கச்சேரிக்கும் நடுவில் இருப்பார். போனில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"ஒரு பாட்டுதானே, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லண்ணா," என்றார் மாஸ்டர். "முதல்ல தினமும் கிட்டாரை எடுத்து நல்லா மீட்டுங்க. மீட்டிப் பழகினாத்தான் மத்ததெல்லாம். வெச்சிடறேன்."

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டுக் குழுவைப் பார்த்தார். "மீட்டச் சொல்றாரு."

தெய்வசிகாமணி கண்ணை மூடி யோசித்தார். "தலைவரே, ஆத்து வெள்ளத்துல மாட்டினவங்களை மீட்பாங்க. குழியில விழுந்த ஆட்டை மீட்பாங்க. ஆபத்துல இருக்கறதைத்தானே மீட்க முடியும்? நம்ம கிட்டாரு ஆணியில சொகமாத் தொங்கிட்டு இருக்குது. அதை எங்கிருந்து மீட்கறது?"

குழுவின் மூளை என்று சும்மாவா சொன்னார்கள்.

"அப்ப மொதல்ல அதை ஆபத்துல மாட்டி உடோணும்," என்றார் குப்புராஜ்.

"என்ற தோப்புல கெணறு இருக்குதுங்க," என்றார் சென்னியப்பன், அடக்கத்தோடு.

மறுநாள் காலையில் எலி கடித்த கிட்டாரைத் தோப்புக்குக் கொண்டுபோய், நாலு பேரும் கும்பிட்டுவிட்டுக் கிணற்றில் போட்டார்கள். கிட்டார் மிதந்தது. தண்ணீர் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு வட்டம் அடித்தது.

"இதுக்கு நீச்சல் தெரியுதுங்களே!" என்றார் குப்புராஜ். "இதை மீட்டா செல்லுமுங்களா?"

"செல்லாது," என்றார் தெய்வசிகாமணி. "ஆபத்து போதாது."

கிட்டாரை மேலே எடுத்து, அதன் வயிற்றிலிருக்கும் ஓட்டை வழியாகக் கூழாங்கல்லாகப் போட்டு நிரப்பினார்கள். இந்த முறை போன வேகத்தில் அடியில் போய் உட்கார்ந்தது. நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். குமிழி மட்டும் வந்தது.

"இப்பத்தான் மனசுக்குத் திருப்தி," என்றார் நாச்சிமுத்து.

பக்கத்துத் தோட்டத்தில் பாதாளக் கரண்டி இரவல் வாங்கி வந்து கயிற்றில் கட்டி இறக்கினார்கள். முதலில் ஒரு பித்தளை வாளி வந்தது. அப்புறம் ஒரு செருப்பு. அப்புறம் யாருடையதோ என்று இன்று வரை தெரியாத ஒரு சைக்கிள் செயின். கடைசியில் கிட்டார் வந்தது. நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் அழுதேவிட்டார்.

"நாளைக்கும் வரோணுமுங்களா?" என்று கேட்டார் குப்புராஜ்.

"தினமும்னு சொல்லியிருக்காரே மாஸ்டர்."

ஆகவே அந்த வாரம் முழுக்கக் கிட்டார் காலையில் கிணற்றுக்குள் போவதும் மத்தியானம் மீட்கப்படுவதுமாக இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாச்சிமுத்து முகத்தில் இருந்த தீவிரத்தைப் பார்த்து ஏதோ பரிகாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வாரக் கடைசியில் மாஸ்டருக்குப் போன் போட்டார். "மாஸ்டர், தினமும் மீட்டியாச்சுங்க. ஒரு நாள் தவறலை."

மாஸ்டர் அசந்து போனார். அவருடைய சீடர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை. "சபாஷ்! எங்கே, ஒரு தட்டு தட்டிக் காட்டுங்க."

நாச்சிமுத்து போனைப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். ஊறின பூசணிக்காயைத் தட்டினதுபோல் 'தொப்' என்றது. கூடவே கொஞ்சம் தண்ணீரும் சொட்டியது.

"என்னண்ணா, சத்தத்துல சூடே இல்லையே? சூடா வரணும். அதைக் கொஞ்சம் கவனிங்க. வெச்சிடறேன்."

மூவரும் மெதுவாகத் திரும்பிக் குப்புராஜைப் பார்த்தார்கள். தன் வாழ்க்கையில் முதல் முறையாக இசைக்குத் தான் தேவைப்படுகிறோம் என்று அவருக்குப் புரிந்தது.

பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நின்று பெரிய விவாதம் நடந்தது.

"பன்னுக்கு வெக்கற சூடுங்களா, வர்க்கிக்கு வெக்கற சூடுங்களா?"

"வர்க்கி வேண்டாம், மொறுமொறுன்னு ஆயிரும். மாஸ்டர் சூடுன்னுதான் சொன்னாரு, மொறுமொறுப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"பன்னுன்னா உப்புமேங்க?"

"உப்பட்டும். சத்தம் பெருசா வரும்."

குப்புராஜ் தட்டில் கிட்டாரை வைத்து, கைப் பழக்கத்தை விட முடியாமல் மேலே முட்டை தடவி, உள்ளே தள்ளினார். வெளியே எடுத்தபோது நல்ல பொன்னிறம். வாசனை கமகமவென்றது. கடைக்கு வந்த ஒருவர், "இது புதுசுங்களா? கால் கிலோ போடுங்க," என்றார். ஆனால் தட்டைச் சாய்த்ததும் கிட்டார் இரண்டாகப் போயிற்று. சூட்டில் பசை உருகி, கழுத்து தனி, உடம்பு தனி.

நாச்சிமுத்து அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நிரஞ்சனாவின் முகம் நினைவுக்கு வந்தது. அப்புறம் பூங்கோதையின் தையல் மிஷின் நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது.

"எதுக்கு அழுவறீங்க தலைவரே?" என்றார் தெய்வசிகாமணி. "உள்ள போறப்ப ஒண்ணு. வெளிய வாரப்ப ரெண்டு. இத்தனை வருசமாக் காசு குடுத்து வாங்கினோமே, ஒண்ணாவது இப்படிப் பெருகியிருக்குதா?"

ஆனாலும் ஒன்றாக இருந்தால்தான் தூக்கிக்கொண்டு போக வசதி என்று முடிவாகி, பெயிண்ட் கடைப் பசையைப் போட்டு ஒட்டினார்கள். காயும் வரை நாலு பேரும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். கையை எடுத்த பிறகுதான் கழுத்து முன்பின்னாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கம்பிகள் உடம்பின் முன்பக்கம் கிளம்பி, ஒரு வளைசல் போட்டு, பின்பக்கம் போய்ச் சேர்ந்தன. வேலி போட்ட மாதிரி இருந்தது.

"இதுவும் நல்லதுக்குத்தான்," என்றார் தெய்வசிகாமணி. "வாசிக்கறவங்களுக்கு விரல் எங்க இருக்குதுன்னு தெரியறதில்லைன்னு ஒரு விமர்சனத்துல படிச்சேன். இப்ப அது நம்ம மூஞ்சியைப் பாத்தே இருக்குது."

அதற்கப்புறம்தான் மாஸ்டர் பாட்டுக்கு வந்தார்.

"சூடும் ஏத்தியாச்சா? அப்ப இனி கார்டுதான் அண்ணா. நாலே கார்டு. ஏ மைனர், ஜி, எஃப், ஈ. இடது கையில கார்டை நல்லா அழுத்திப் பிடிக்கணும். விரல் வலிக்கும், பழகிடும். நாலையும் மாத்தி மாத்தி வாசிச்சா பாட்டு தானா வந்துரும்."

"அவ்வளவுதானுங்களா மாஸ்டர்?"

"அவ்வளவுதான். எஃப்தான் கொஞ்சம் சிரமம். எஃப் வராமலே கிட்டாரை விட்டுட்டுப் போனவங்க எத்தனையோ பேரு. வெச்சிடறேன்."

கம்பிகளை விரலால் அழுத்திப் பிடிக்கும் சுரக்கூட்டுக்குத்தான் கிட்டார்க்காரர்கள் கார்டு என்பார்கள். அது தெரியாத நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். குழுவின் வரலாற்றில் மிக நீண்ட விவாதம் அது.

"ஈ-யில சந்தேகமே இல்லை," என்றார் தெய்வசிகாமணி. "ஈ.பி. கார்டு. கரண்டு ரீடிங் எழுதறது. என்ற வீட்டுலயே இருக்குது."

"ஜி?"

"காஸ் கார்டு. இங்கிலீசுல காஸுக்கு மொத எழுத்து ஜி."

சென்னியப்பன் தன்னிடம் அது இருப்பதாகக் கை தூக்கினார்.

"ஏ-ன்னா ஆதார் கார்டுங்க," என்று குப்புராஜ் முந்திக்கொண்டார். "எல்லார்த்துகிட்டயும் இருக்குதே!"

"அவசரப்படாதீங்க. வெறும் ஏ இல்லை. ஏ மைனர். பதினெட்டு வயசு ஆகாதவங்களோட ஆதார்."

குப்புராஜின் மகள் தமிழரசி அஞ்சாம் வகுப்பு. பிரச்சினை தீர்ந்தது. எஃப்பில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் சொன்னது சரிதான், எஃப் சிரமம். வெகு நேரம் கழித்து நாச்சிமுத்து தொடையைத் தட்டினார்.

"ஃபேமிலி கார்டு! நம்ம ரேசன் கார்டு!"

"அட ஆமாங்க!" என்றார் சென்னியப்பன். "அதான் சிரமம்னு சொல்லியிருக்காரு. புதுசாக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, எஃப் லேசுல வருமா?"

"எஃப் வராம எத்தனை பேரு கிட்டாரை உட்டுட்டுப் போனாங்களோ, பாவம்," என்றார் குப்புராஜ்.

"என்கிட்ட எஃப் இருக்குது," என்றார் நாச்சிமுத்து. இத்தனை வருசம் சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அது இருந்திருக்கிறது. அவருக்குத்தான் தெரியவில்லை.

மற்றபடி சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. கார்டைப் பிடிக்க வேண்டும், அதை வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் செய்யக் கூடிய காரியம். இதற்குப் போய் ஊரில் வகுப்பு வைத்து நடத்துகிறார்களே என்று நாலு பேருக்கும் வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து ஒத்திகை. கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடது கையில் கார்டை நசுங்க நசுங்கப் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள்.

"விரல் வலிக்குதுங்க!" என்று கத்தினார் குப்புராஜ்.

"எனக்குந்தான்!" என்றார் சென்னியப்பன். "மாஸ்டர் சொன்னாப்பலயே!"

நாச்சிமுத்து கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் எஃப்பை விடவில்லை. அந்த மாசம் பூங்கோதை ரேஷன் கடைக்குப் போக முடியாமல் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

கல்யாண நாளும் வந்தது. ரிசப்ஷனுக்கு முன்பே ஒரு டெம்போ நிறையச் சாமான் மண்டபத்துக்குப் போயிற்று. ஆம்ப்ளிஃபையர்கள், மிதிக்கிற பெட்டிகள், சுருள் சுருளாக ஒயர், உறையோடு எல்லாக் கிட்டாரும். மேடை நிறைந்துவிட்டதால் மணமக்கள் நாற்காலியைக் கீழே இறக்கி, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அன்றுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

மேடை ஏறும் முன் நாச்சிமுத்து எஃப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டார். கடைசியாக மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"பதட்டப்படாதீங்கண்ணா. ஒவ்வொரு கார்டையும் தெளிவா, உணர்ச்சியோட வாசிங்க. இழுக்க வேண்டிய எடத்துல இழுங்க. ஜெயிச்சுருவீங்க."

மண்டபத்து எலக்ட்ரீசியன் நல்ல மனசோடு எல்லாப் பெட்டிக்கும் கரண்ட் கொடுத்துவிட்டான். 'உம்ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்பி மண்டபத்தை நிறைத்தது. சாப்பாட்டுப் பந்தியில் அப்பளம் அதிர்ந்தது. சனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார்கள். முன்பின்னான கிட்டாரோடு நடுவில் நாச்சிமுத்து. அவருக்கு இரு பக்கமும் மற்ற மூவர்.

குப்புராஜ் மைக்குக்கு வந்தார்.

"பெயர், கு. தமிழரசி. தந்தை பெயர், குப்புராஜ்." மகள் பெயரை இத்தனை பேர் முன்னால் வாசித்ததில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பா... லினம், பெ... ண்."

இசையில் ஏ மைனர் எப்போதுமே கொஞ்சம் சோகம்தான்.

சென்னியப்பன் வந்தார். "இணைப்பு ஒன்று. சிலிண்டர் இரண்டேஏஏஏ..." என்று மூச்சு முட்டும் வரை இழுத்தார். ஒருவர் கைதட்டினார்.

அடுத்தது எஃப். நாச்சிமுத்து கண்ணை மூடித் திறந்தார். விரல் வெளுக்கும் வரை கார்டை அழுத்தினார்.

"குடும்பத் தலைவி, பூங்கோதை. கணவர் பெயர், நாச்சிமுத்து. பிறந்த ஆண்டு..." என்று ஆரம்பித்து, ஆயிரம், நூறு, பத்து என்று ஒவ்வொரு இலக்கமாக ஏற்றி இறக்கி வாசித்தார். உணர்ச்சி அந்த இடத்தில் பொங்கி வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பூங்கோதை தன் அண்ணன் மனைவியை நங்கையா நங்கையா என்று வாய் நிறையக் கூப்பிட்டு, அவளை விடத் தான் நாலு வயசு சின்னவள் என்று சாதி சனம் முழுக்க நம்ப வைத்திருந்தாள். இப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நங்கையா, பூங்கோதை தன்னை விட எத்தனை வயசு மூத்தவள் என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை, மறு கையையும் எடுத்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பூங்கோதையைப் பார்த்தாள்.

தெய்வசிகாமணி ஈ-யை வாசித்தார். "வீட்டு இணைப்பு. ஒருமுனை மின்சாரம்." அதோடு முதல் சுற்று முடிந்தது. மாஸ்டர் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லியிருந்ததால் திரும்ப ஆரம்பித்தார்கள். இரண்டாம் சுற்றில் கூட்டம் தாளம் போட்டது. மூன்றாம் சுற்றில், பிறந்த ஆண்டு வரும் இடத்தில், மண்டபமே சேர்ந்து பாடியது. சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்று பாடினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் இது பெண் வீட்டு வழக்கம் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். மீதிப் பேர் சர்க்கரை போடுகிறார்கள் என்று நினைத்துத் தாம்பூலப் பையோடு வரிசையில் நின்றார்கள். "பாட்டு நல்லாத்தான் இருக்குது," என்றார் ஒரு பெரியவர். "ஆனா மண்ணெண்ணெயைப் பத்தி ஒரு வரிகூட வரலியே."

நிரஞ்சனாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண் மை கன்னமெல்லாம் ஓடிவிட்டது. "மாமா, இந்த மாதிரி யாரு ரிசப்ஷன்லயும் வாசிச்சிருக்க மாட்டாங்க!" என்று ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாச்சிமுத்துவின் உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு கச்சேரி செய்தார், அதில் கூட்டமே கூடப் பாடிற்று. எத்தனை வித்வானுக்கு இது வாய்க்கும்?

மேடைப் படியின் கீழே பூங்கோதை நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து மற்ற மூவரும் மேடையிலேயே நின்றுவிட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் பாராட்டை வாங்கிக்கொள்ள இறங்கிப் போனார்.

"என்ற மானத்தை ரேசன் கார்டுல வெச்சு வாங்கிட்டீங்க," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாளைக்குக் காலையில மிஷின் மாடிக்கு வருது. இன்னொருக்கா அந்தக் கிட்டாரைத் தொட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்!"

நாச்சிமுத்து மேடைக்குப் பாய்ந்து ஏறினார்.

"கேட்டீங்களா? தொட்டுப் பாத்தா தெரியுமாம்!"

"என்னதுங்க தெரியும்?"

"இத்தனை வருசம் எது தெரியலைன்னு அலைஞ்சோமோ, அது! தொட்டாப் போதுமாம். அப்பத் தெரியுமாம். என்ற பொண்டாட்டி வாயாலயே சொல்லிட்டா!"

"வீட்டுலயே ஆளை வெச்சுட்டு நாம எதுக்குங்க கோயம்புத்தூருக்குப் போன் போட்டோம்?" என்றார் சென்னியப்பன், பொறுக்க முடியாமல்.

மறுநாள் காலையில் இரண்டு ஆட்கள் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற, பூங்கோதை பின்னால் வந்தாள். அறையில் நாலு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஆளுக்கொரு கிட்டார் மேல் ஆளுக்கொரு விரல். யாரும் அசையவில்லை.

"தெரியுதுங்களா?" என்று குப்புராஜ் மெல்லக் கேட்டார்.

"இன்னும் இல்லை. விரலை எடுத்தராதீங்க."

"எனக்கு லேசாத் தெரியற மாதிரி இருக்குதுங்க," என்றார் சென்னியப்பன். "இல்லை, கை மரத்துப் போச்சு."

மிஷின் தூக்கி வந்த ஆட்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள். பூங்கோதை ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"அய்யோ சாமி! உங்களையெல்லாம் வெச்சுட்டு நான் என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியலையே!"

நாச்சிமுத்து விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார். இரண்டடி நகர்ந்து, பரிவோடு பக்கத்தில் இடம் விட்டார்.

"தெரியலைன்னா அங்கியே ஏன் அம்மிணி உக்காந்திருக்கற? வா, நீயும் வந்து ஒரு விரலை வெய்யி."